மறந்துவிடுவார் எனினும் அழைக்க வேண்டுமா?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொரோனாத் தொற்றின் காரணமாக இங்கிலாந்து, நெதர்லாந்து முதலிய நாடுகளின் முதியோர் பராமரிப்பு இல்லங்கள் பார்வையாளர்க்குக் கதவடைத்தன. முதியோர் உயிரைக் காக்கும் பொருட்டே அவ்வாறு செய்தனர். ஆயினும் அங்கு வாழ்ந்தோருள் பலர் டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்கு ஆட்பட்டவர்கள். மகள் ஏன் வரவில்லை என்பதைக் காலையில் விளக்கினால் மாலையில் அவ்விளக்கம் அவர்கள் நினைவில் இராது. காரணம் மறைந்துவிடும், மகள் வராதது மட்டும் எஞ்சும்.

அந்நாள்களில் வீடியோ அழைப்பு கைகொடுத்தது. பணியாளர் ஒருவர் திரையைப் பிடித்துக்கொள்ள, தொலைவிலிருந்த மகள் தாயின் முகம் பார்த்துப் பேசினாள். அதனோடு ஒரு வினாவும் எழுந்தது: "ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவாரே, பேசி என்ன பயன்?" நம் இல்லங்களிலும் கேட்கப்படும் வினாதான் இது. கேட்பவர் கல்நெஞ்சர் அல்லர், பெரும்பாலும் களைத்தவர். எனினும், நினைவில் நிற்பதே பயன், மற்றவை வீண் என்றொரு கணக்கு அவ்வினாவினுள் ஒளிந்திருக்கிறது.

அக்கணக்கு பிழையானது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அல்சைமர் நோயாளர் 17 பேருக்குத் துயரூட்டும் திரைப்படக் காட்சிகளையும் மகிழ்வூட்டும் காட்சிகளையும் தனித்தனியே காட்டினர். பார்த்தவற்றை அவர்கள் விரைவில் மறந்தனர். ஆனால் துயரும் மகிழ்வும் உடன் நீங்கவில்லை. குறைவாக நினைவிற் கொண்டோரிடத்தே துயரம் நெடுநேரம் நின்றதாம்! பதினேழு பேர் என்பது சிறு தொகையே. அவ்வாய்வு இல்லையெனினும் என் கருத்து மாறாது. பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடமும் அத்தாய் வாழ்ந்த வாழ்வே அன்றோ? பின்னர் அது நினைவில் நிற்கவில்லை என்பதால் அவர் அடைந்த மகிழ்ச்சி இல்லாததாகிவிடுமா?

இனி, கடினமான இடத்திற்கு வருவோம். உறவினரின் பேச்சைத் தொலைபேசி உரையாடல் போலவே இடைவெளி விட்டுப் பதிவு செய்து, நோயாளர்க்கு மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்யும் முறை 1995இலேயே அமெரிக்காவில் ஆராயப்பட்டது. அதன் பயனுக்குப் போதிய சான்றில்லை என 2017இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று உரைத்தது. பயன் ஒருபுறம் இருக்க, இது முறைதானா? மகளின் குரலைப் பதிவு என்று கூறிக் கேட்பிப்பதில் குறையில்லை. அவள் இப்போது பேசுகிறாள் என நம்பவைப்பது வேறு. கண்டுபிடிக்க மாட்டார், கண்டுபிடித்தாலும் மறந்துவிடுவார் என்னும் துணிவில் செய்யப்படும் பொய் அது. அழைக்காமல் இருப்பதற்குக் கூறும் அதே காரணம் இங்கே ஏமாற்றுவதற்கும் துணை வருகிறது.

அழைப்போர்க்கு ஒரு சொல். "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று தேர்வு வைத்தல் வேண்டா. பெயரையும் உறவையும் நாமே கூறித் தொடங்கலாம். நாள்தோறும் ஒரே வேளையில், ஒருவர் மட்டும் பேசுதல் நலம். பேச்சு வராத நாளில் அவர் இளமையில் பாடிய பாட்டை நாம் பாடலாம். திரையைப் பிடித்திருக்கும் பணியாளரிடம், மற்றொரு கையை அவர் தோள்மீது வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்வதும் தகும்.