காட்டிக்கொடுத்தவள்

‘காட்டிக்கொடுத்துட்டியேட்டி.’

2000-ஆம் வருஷம் என் பெரியம்மை என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது. அவள் ஏசவில்லை, அழுதாள். அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

கன்னடியன் கால் பாசனத்தில் எங்கள் ஊர். வயல் மற்றவர்களுடையது, காருக்கும் பிசானத்துக்கும் நடுகை, களை, அறுப்பு எல்லாம் எங்கள் பெண்களுடையது. வயலில் கூலி வாங்கிவிட்டு வீட்டில் அடி வாங்குவார்கள். என் மதினி என் அண்ணனிடம் வாங்கிய அடியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, நூறு பிரதிகூட அச்சாகாத ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். பெயர் போடவில்லை. எங்கள் தெருவுக்கு அது தேவையா என்ன? வாசித்த முதல் ஆளே கண்டுபிடித்துவிட்டான்.

அதற்கு முந்தின வருஷம்தான், 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களைத் திருநெல்வேலியில் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்துப்போனார்கள். அதில் ஒன்று பச்சைக் குழந்தை. அந்தத் துக்கம் காயாத நேரத்தில் என் பக்கம் வெளிவந்தது. ‘போலீஸ்காரன் அடிச்சது பத்தாதுன்னு, அண்ணன் அடிச்சான்னு நீ எழுதுதியாக்கும்?’ என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல மனுஷர். அன்று தடியடி பட்டவர். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

நம்முடைய வீட்டு அழுக்கை நாமே வெளியே சொல்லலாமா? எதிரி தடியோடு வாசலில் நிற்கும்போது சொல்லலாமா?

பாமாவிடமும் இதைக் கேட்டார்கள். வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் 1958-ல் பிறந்தவர். கன்னியாஸ்திரியாக இருந்து, மடத்துக்குள்ளும் சாதி இருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர். 1992-ல் ‘கருக்கு’ வந்தபோது இலக்கியக்காரர்கள் பேச்சு மொழியைப் பற்றித் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். சொந்த ஊருக்கு அது பிரச்சினையே இல்லை. நம்மைக் கேவலப்படுத்திவிட்டாள் என்பதுதான் அவர்கள் கோபம். சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு படித்த பிள்ளைகள் எடுத்துச் சொல்லி ஊர் சமாதானமானது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. 1994-ல் ‘சங்கதி’யில் பெண்கள் படும் அடியை எழுதினார். 2002-ல் ‘வன்மம்’ நாவலில் பள்ளரும் பறையரும் வெட்டிக்கொள்வதை எழுதினார். தாமிரபரணிக் கரையில் அந்த நாவலைச் சத்தமாகப் பேச இன்றைக்கும் தைரியம் வேண்டும். அவருக்கும் முன்னால் சிவகாமி ‘பழையன கழிதலும்’ (1989) எழுதி, ஒரு தலித் தலைவரை இழிவாகக் காட்டிவிட்டார் என்று வாங்கிக் கட்டிக்கொண்டதும், அதற்கு மறுமொழியாக இன்னொரு நாவலே எழுதியதும் நம் வாசகர்களுக்குத் தெரிந்த கதை.

இது நம் சேரிக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்திருந்தேன். ஹெர்ட்டா முல்லரைப் பற்றி வாசிக்கும்வரை. 2009-ல் நோபல் பரிசு வாங்கிய நாவலாசிரியை. கவிதையும் செய்வார், பேனாவால் அல்ல, கத்தரியால். பத்திரிகைகளிலிருந்து சொற்களை வெட்டி ஒட்டி. ருமேனியாவில் ஜெர்மன் பேசும் சிறுபான்மையினர் வாழ்ந்த ஒரு கிராமத்தில் 1953-ல் பிறந்தவர். முதல் புத்தகம் 1982-ல் தணிக்கைக்காரன் வெட்டியது போக மிச்சமாய் வந்தது. அதில் சொந்த ஊரின் குடியையும் அடியையும் எழுதியிருந்தார். அரசாங்கம் வெட்டியது ஒருபக்கம். அவருடைய ஜனமே அவரைத் தன் கூட்டைத் தானே அசிங்கப்படுத்துகிற பறவை என்று ஏசியது.

அதற்கும் முன்னால் நடந்த ஒன்று. அவர் ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர். கூட வேலை செய்கிறவர்களை உளவு சொல்லும்படி ரகசியப் போலீஸ் கேட்டது. மாட்டேன் என்றார். உடனே, அவர்தான் உளவாளி என்று வதந்தி பரவியது. மேசையைப் பிடுங்கிவிட்டார்கள். மாடிப்படியில் கைக்குட்டையை விரித்து, அதன் மேல் உட்கார்ந்து வேலை பார்த்தார். உளவு சொல்ல மறுத்தவளுக்கு உளவாளிப் பட்டம். 1987-ல் நாட்டைவிட்டே போனார்.

பெரியம்மை சொன்ன வார்த்தையை இதற்குப் பிறகுதான் நிதானமாக யோசித்தேன். காட்டிக்கொடுக்கிறவன் கதவை மூடிக்கொண்டு, தடி வைத்திருக்கிறவன் காதில் சொல்கிறான். தன்னைப் பற்றி மூச்சுவிட மாட்டான். அதற்கான விலையை அடுத்தவன் கொடுப்பான். பாமா தெரு பேசுகிற பாஷையில், தெருவுக்குக் கேட்கும்படி, தன்னையும் சேர்த்துச் சொன்னார். விலையையும் அவரே கொடுத்தார்.

ஆனால் முல்லரை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்துவிடவும் முடியாது. அவருடைய அப்பா ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் இருந்தவர். மறைக்க வேண்டிய சரித்திரம் உள்ள ஊர் அது. நம் தெருவுக்கு அப்படி என்ன இருக்கிறது, மானத்தைத் தவிர? அதையும் தினம் ஒருத்தன் பிடுங்குகிறான். ஒரு கல்லூரி வகுப்பில் ‘சங்கதி’ நடத்திய ஆசிரியர், ‘அவங்க குடும்பமெல்லாம் அப்படித்தான்’ என்று சிரித்ததை நானே கேட்டேன். தன் வீட்டில் யார் யாரை அடிக்கிறார்கள் என்பது அவர் பாடத்திட்டத்தில் இல்லை. நாம் அழுதுகொண்டு எழுதியதை அவர் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். தோழர் பயந்தது இதற்குத்தான். அந்தப் பயம் பொய்யில்லை.

இருந்தாலும் ‘இப்போ நேரமில்ல’ என்கிறோமே, நேரம் எப்போது வரும்? போலீஸ் அடிக்காத வருஷம் எது? ‘நம்ம தெரு’ என்கிற ஒரே பெயருக்குள் அடிக்கிறவனையும் அடிபடுகிறவளையும் போட்டுக் கட்டிவிடுகிறோம். தெருவின் மானம் என்று சொல்லும்போது அவள் மானம் எந்தக் கணக்கில்? அவளுக்கு, ராத்திரி பத்து மணிக்கு, அந்தத் தெருதான் அதிகாரம்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நானும் கதவை மூடிக்கொண்டவள் ஆவேன். தெரு என்னிடம் கோபித்தது, எங்களைக் கேட்காமல் எழுதினாய் என்று. தெருவைக் கேட்க வேண்டியதில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் நான் மதினியையும் கேட்கவில்லை. அவள் முதுகை எழுத எனக்கு யார் அனுமதி தந்தது? படித்தவள் என்கிற திமிர். அச்சானபிறகு அவள் இன்னும் ரெண்டு அடி கூட வாங்கினாள், என் எழுத்துக்காக. விலையை நான் கொடுக்கவில்லை.

மூணு மாதம் கழித்து, களையெடுப்பு முடிந்த ஒரு மத்தியானம், அவளாகவே கேட்டாள். ‘என்னமோ எழுதுனியாமே, வாசி பாப்போம்.’ வாசித்தேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

‘வெறகுக் கட்ட இல்லட்டி’ என்றாள். ‘மம்பட்டிக் கணை. பிள்ளையப் பெத்து பதினாறாம் நாளு. அத விட்டுட்டியே.’

திருத்தி எழுதட்டுமா என்று கேட்டேன். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். யோசிச்சுச் சொல்லுதேன் என்றாள்.