எழுதப்படாத பற்று

பட்டயக் கணக்காளர் தேர்வின் விடைத்தாளில் பெயர் இருக்காது. எண் மட்டுமே இருக்கும். எழுதியவர் ஆணா பெண்ணா என்பது திருத்துபவருக்குத் தெரியாது. வாசலே சமமாகிவிட்ட பிறகு இன்னும் என்ன குறை என்று சிலர் கேட்கிறார்கள்.

அந்த வாசல் தானாகத் திறக்கவில்லை. இங்கிலாந்தில் மேரி ஹாரிஸ் ஸ்மித் பட்டயக் கணக்காளர் கழகத்தில் சேர 1891-இல் விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காகவே மறுக்கப்பட்டார். 1920-இல் பட்டயக் கணக்காளர் ஆனபோது அவருக்கு வயது 75. சென்னையில் ஆர். சிவபோகம் 1933-இல் கணக்கியல் தேர்வில் தேர்ச்சி பெற்றார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர் என்பதால் கணக்காளராகப் பதிவு செய்யத் தடை வந்தது. சட்டப்படி போராடி வென்று 1937-இல் தனியாகத் தொழில் தொடங்கினார்.

தடை இன்று சட்டத்தில் இல்லை. பரிவின் உருவில் இருக்கிறது. மார்ச் 31 இரவு கிடங்கில் சரக்கு இருப்பை எண்ணவும், ஏப்ரலில் வெளியூர் வங்கிக் கிளையைத் தணிக்கை செய்யவும் ஆள் அனுப்பும்போது, பயிற்சிக்கு வந்த பெண்ணின் பெயர் விடுபடுகிறது. "உனக்கு எதுக்கும்மா அலைச்சல்? ஆபீஸ்லயே வவுச்சர் பாரு" என்கிறார் ஆடிட்டர். அவர் எண்ணத்தில் கெடுதல் இல்லை. கவலையும் பொய்யல்ல: கிடங்கில் கழிப்பறை இருக்காது, இரவில் திரும்ப வண்டி கிடைக்காது. ஏதேனும் நேர்ந்தால் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ஆனால் மூட்டை அடுக்கின் முன்வரிசைக்குப் பின்னால் வெற்றிடம் இருப்பதை வவுச்சர் காட்டாது. ஏறிப் பார்த்தவருக்கே தெரியும். கிளை மேலாளரிடம் வாராக்கடனைப் பற்றித் துருவிக் கேட்கும் துணிவும் நேரில் போனவருக்கே வரும். பத்தாண்டு கழித்துப் பங்குதாரரைத் தேர்ந்தெடுக்கும்போது, "அவருக்குக் களப் பழக்கம் போதாது" என்று அதே அலுவலகம் சொல்கிறது.

ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று எழுத வேண்டும் என்பது கணக்கியலின் பாலபாடம். பெண்ணுக்குத் தந்த பாதுகாப்பை வரவில் எழுதியவர்கள், அவள் இழந்த அனுபவத்தைப் பற்றில் எழுதவில்லை. கேட்காமல் செய்த உதவிக்கு அவளே விலை கொடுக்கிறாள். அது அறமாகாது.

வண்டியும் தங்குமிடமும் ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் கடமை. போவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவள் உரிமை. குறை உச்சியிலும் தெரிகிறது: இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் 1949-இல் தொடங்கியது. இதுவரை ஒரு பெண்கூட அதன் தலைவர் நாற்காலியில் அமர்ந்ததில்லை. அடுத்த தணிக்கைக்குப் பட்டியல் போடும் கை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடட்டும்.