துலாக்கோலின் மறுதட்டு

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் ஜாஜலி என்ற தவசியின் வரலாறு உள்ளது. சடையில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும்வரை அசையாமல் நின்ற அவர், அத்தவத்தால் செருக்குற்றார். தர்மத்தின் நுட்பத்தை அறிய, காசியில் கடை வைத்திருந்த துலாதாரரிடம் அவர் செல்ல நேர்ந்தது. அந்த வணிகரின் தவம் வேறொன்றுமில்லை. எல்லோருக்கும் ஒன்றுபோல நின்ற அவரது துலாக்கோலே.

துலாக்கோலுக்குத் தட்டுகள் இரண்டு. ஒன்றில் வாங்குபவரின் நலன். மற்றதில் விளைவித்தவரின் உழைப்பு. 'விலைக் குறைப்பு' என்று அறிவிக்கும் இக்காலப் பேரங்காடி முதல் தட்டை மட்டுமே காட்டுகிறது.

ஆஸ்திரேலியாவில் 2011 ஜனவரி 26 அன்று ஒரு பேரங்காடி நிறுவனம், தன் சொந்தப் பெயரில் விற்கும் பாலின் விலையை லிட்டருக்கு 1 டாலராகக் குறைத்தது. போட்டியாளர்களும் பின்தொடர்ந்தனர். குறைப்பின் சுமையைத் தானே ஏற்பதாக நிறுவனம் கூறியது. பால் பண்ணையாளர்களோ தங்கள் உழைப்பு மலிவாக்கப்பட்டதாக வருந்தினர். அவ்விலை 2019 வரை நீடித்தது. 2018இல் அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் தந்த அறிக்கை நுட்பமானது. அந்த மலிவு விலை பண்ணையாளரின் வருவாயை நேரடியாகக் குறைத்தது என்று அது கூறவில்லை. பேரம் பேசும் வலிமை அவருக்கு மிகக் குறைவு என்றும், கடையில் விலை உயர்ந்தாலும் அவ்வுயர்வு அவரைச் சென்றடையும் என்ற உறுதியில்லை என்றும் சுட்டியது. 2024இல் அதே ஆணையம், விலையை ஏற்றிப் பின் சிறிது இறக்கி அதைக் குறைப்பு என்று விளம்பரப்படுத்தியதாகக் குற்றம் சாட்டி இரு பெரும் நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது.

இங்கே இரு தர்மங்கள் சோதிக்கப்படுகின்றன. அறிவிப்பு பொய்யானால் சத்தியம் பழுதுபடுகிறது. அறிவிப்பு மெய்யாகவே இருந்து, மறுக்க வலிமையற்றவர் தோளில் அதன் சுமை ஏற்றப்பட்டால் அஸ்தேயம், அதாவது பிறர் பொருளைக் கவராமை, பழுதுபடுகிறது. பின்னதை எந்த விலைச்சீட்டும் காட்டிக்கொடுப்பதில்லை.

மலிவை நாடுவது குற்றமன்று. வறிய இல்லத்தில் மலிவான பால் குழந்தையின் உணவு. ஆயினும் உழைப்பவனை வாட்டித்தான் உண்பவனுக்கு உதவ வேண்டும் என்பதில்லை. குஜராத்தில் ஆனந்தை மையமாகக் கொண்டு 1946இல் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவாக இணைந்தபோது, துலாக்கோலைத் தாங்களே கையில் ஏந்தினார்கள். தனித்து நின்றவர் பெறாத வலிமையை இணைந்து நின்றவர் பெற்றனர்.

பையில் பொருளை இடும்முன், மறுதட்டில் இருப்பவர் யார் என்று ஒரு கணம் எண்ணுபவன் துலாதாரரின் கடைவாசலில் நிற்கிறான். ஜாஜலி நெடுந்தவத்திற்குப் பின் வந்து சேர்ந்த இடமும் அதுவே.