ஐயத்தின் பாரத்தைச் சுமக்கற்பாலார் யாவர்?

பிறருயிரைக் காத்தற்பொருட்டுத் தீயினுட் புகுந்தவன் அவ்விடத்தே இறப்பானாயின், உலகம் அவனை வீரனென்று போற்றும். அவனுக்குக் கல் நாட்டும். ஆண்டுதோறும் அவன் பெயரை வாசிக்கும். அவனே இறவாது மீண்டு, பத்தாண்டு கழித்துக் கால் மரத்து, மூட்டு வீங்கிப் படுக்கையிற் கிடப்பானாயின், அவ்வுலகம், "நின் நோய் அத்தீயினால் வந்ததென்பதற்குச் சான்று யாது?" என்று வினவும். இங்ஙனம் வினவுதல் நீதியாமோ என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

2001ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 11ஆந் திகதி, நியூயோர்க் நகரத்து உலக வர்த்தக மையத்தின் இரு கோபுரங்களும் ஆகாயவிமானங்களால் மோதுண்டு வீழ்ந்தன. அங்கு மாண்டோர் 2,753 பேர். அவருள் 343 பேர் அந்நகரத் தீயணைப்புப் படையினர். இடிபாட்டினுள் எரிந்த தீ டிசெம்பர் மாதம் வரை அவியவில்லை. மீட்புவேலை 2002ஆம் ஆண்டு மே மாத இறுதியிலேயே முடிவெய்தியது. அத்துணைக் காலமும் தீயணைப்போரும், காவலரும், இரும்பு வெட்டுந் தொழிலாளரும், தொண்டரும் சுவாசித்த புழுதியிலே சீமெந்தும், கண்ணாடி நாரும், கல்நாரும், ஈயமும், சிலிக்காவும் பொடிபட்டுக் காரத்தன்மையோடு கலந்திருந்தன.

அதன் பயன் முதலில் இருமலாயும் மூச்சடைப்பாயும் வெளிப்பட்டது. பின்னர்ச் சிலரிடத்து வேறிரு வகை நோய்கள் காணப்பட்டன. பாதங்களில் எரிவும், ஊசி குத்துவது போன்ற நோவும், உணர்ச்சி மழுங்கலும் விளைக்கும் நரம்பு நோய் ஒன்று. மற்றையது தன்னெதிர்ப்பு நோய். அஃதாவது, உடம்பைக் காத்தற்கமைந்த ஆற்றல் அவ்வுடம்பையே பகையென மயங்கித் தாக்குதல். முடக்குவாதம் முதலியன இவ்வினத்தைச் சேர்ந்தன. கல்லுடைப்போரிடத்தும் சுரங்கத் தொழிலாளரிடத்தும் சிலிக்காப் புழுதி இத்தகைய நோய்களோடு தொடர்புற்றிருத்தலை வைத்தியர் முன்னரே கண்டுளர். 2015ஆம் ஆண்டில், நியூயோர்க் தீயணைப்புப் படையினரை ஆராய்ந்தோர், இந்நோயுற்ற 59 பேரை நோயில்லாத 236 பேரோடு ஒப்பிட்டு, அவ்விடத்தில் வேலைசெய்த மாதம் ஒவ்வொன்று கூடுந்தோறும் நோய்க்கான சார்பளவு நூற்றுக்கு 13 வீதம் கூடிற்றென வெளியிட்டனர்.

இவ்வாறு நோயுற்றோரைப் பராமரிக்கும் சட்டமொன்று 2011ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவிற் கையொப்பமாயிற்று. 2015இல் அதன் காலம் 2090ஆம் ஆண்டு வரை நீட்டப்பட்டது. அட்டவணையிற் சேர்ந்த நோய்களுக்கே அதனாற் சிகிச்சை உண்டு. தன்னெதிர்ப்பு நோயையும் சேர்க்குமாறு செய்த விண்ணப்பத்துக்கு, சான்று போதாதென்றே 2015இல் விடையளிக்கப்பட்டது. நரம்பு நோய் குறித்த விண்ணப்பத்துக்கும் அவ்விடையே கிடைத்தது.

இவ்விடையளித்தோரை நாம் வையோம். அறியாததை அறியேமென்றல் ஆராய்ச்சியாளர்க்குக் கடமை. அரிதாக வரும் நோயொன்று சில ஆயிரவரிடத்து மிகுந்ததோ அன்றோ எனத் துணிதலும் எளிதன்று. ஆயினும், சான்று போதாதென்பது வேறு. அதனால் வரவில்லையென்பது வேறு. முன்னது அறிவின் எல்லையைக் காட்டும்; பின்னது ஒரு முடிபு. வைத்தியன் முன்னதைச் சொல்ல, திறைசேரிக் கணக்கன் அதனைப் பின்னதாகக் கொண்டு கதவடைப்பானாயின், ஐயத்தின் முழுப் பாரமும் நோயாளியின் தலைமேல் விழுகின்றது. புற்றுநோய் பற்றி நிகழ்ந்ததை நோக்குக. 2011 ஜூலையிற் சான்று போதாதென்று விலக்கப்பட்ட அந்நோய், 2012இற் பலவகையாக அட்டவணையிற் சேர்க்கப்பட்டது. இடையில் இறந்தாருக்கு அத்திருத்தம் சிகிச்சை செய்யவல்லதோ?

அற்றேல், அவர் கூலிபெற்றுத் தந்தொழில் செய்தாரன்றோவெனின், கூலி அறிந்த இடருக்கே ஈடாமென்க. தீ சுடும், சுவர் வீழும் என்பன அவர் அறிந்த இடர்கள். காற்றைப் பற்றியோ, அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைவர் 2001 செப்டெம்பர் 18ஆந் திகதி, நியூயோர்க்கின் காற்று சுவாசித்தற்குத் தீங்கற்றதென மக்களுக்கு அறிவித்தார். அங்ஙனம் அறிவித்தற்கு அப்போது போதிய ஆதாரம் இருந்ததில்லையென அந்நிறுவனத்தின் தலைமைக் கண்காணிப்பாளரே 2003இற் கூறினார். தீங்கில்லையென்றற்குக் குறைந்த சான்றோடு அமைந்த அரசு, தீங்குண்டென்றற்கு மாத்திரம் நிறைந்த சான்று கேட்டல் நடுவுநிலையாகுமா?

அற்றேல், காரணந் தெளியாத நோய்க்கெல்லாம் பொதுப்பணத்தைச் செலவிடின் அதற்கு எல்லை யாதெனின், கூறுதும். நோயின் காரணமே ஐயத்துக்குரியது. அவன் அங்கே சென்றமை ஐயத்துக்குரியதன்று. எத்தனை நாள், எந்த இடத்தில் நின்றானென்பதற்குப் பதிவு உண்டு, உடன்நின்றார் உளர். நாம் அவனுக்குக் கடன்பட்டது அவன் சென்றமையாலேயாம். ஆதலின் அச்செலவே எல்லையாகுக. "இப்புழுதியுள் புகுந்தால் இன்னின்ன நோய் வருமென்று மெய்ப்பித்தபின் வருவேன்" என்று அவன் அன்று வாயிலில் நின்றானல்லன். காரணத்தை ஆராய்வோர் நூறாண்டு ஆராய்க; மருந்து அதுவரை காத்திருத்தல் வேண்டா.

2023ஆம் ஆண்டு செப்டெம்பரில், அப்புழுதியாலான நோய்களாற் பின்னாளில் இறந்த நியூயோர்க் தீயணைப்போரின் தொகை, முதனாளில் இறந்த 343ஐ எட்டியது. இவ்விரு திறத்தாரையும் கொன்றது ஒரு நிகழ்ச்சியே. ஒரு திறத்தாரை விரைவிலும் மற்றொரு திறத்தாரை மெல்லவும் கொன்றது. மெல்ல இறப்போனிடத்திற் கைம்மாறு குறைதல் அறமாகாது. எந்நாட்டாரும், தம்மைக் காக்கச் சென்றோருக்கு நோய் வந்தவிடத்து, ஐயத்தின் பாரத்தைத் தாமே சுமக்கக்கடவர்.