மலையும் ஒரு பிறப்புதான்

ஹவாய்ப் பூர்வகுடிகளின் வம்சாவளி மலையையும் சேர்த்துக்கொள்கிறது. வானத் தந்தை வாக்கேயாவுக்கும் பூமித் தாய் பாப்பாவுக்கும் பிறந்தது மௌனா கேயா. மனிதர்களுக்கு அது மூத்த உடன்பிறப்பு. உச்சிக்குக் கீழே உள்ள வையாவ் ஏரியில் குழந்தைகளின் தொப்புள்கொடியை இடும் வழக்கம் உண்டு. அந்த 4,205 மீட்டர் மலையில்தான் 30 மீட்டர் தொலைநோக்கியை நிறுவத் திட்டமிட்டார்கள். கோள்கள் பிறப்பதைக் காண்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. இந்தியாவும் இதில் பங்காளி.

இளம் விண்மீனைச் சுற்றும் வாயுவும் தூசியுமான தட்டில்தான் கோள் திரள்கிறது. ரிஷப மண்டலத்தில் இத்தகைய தட்டுகள் சுமார் 450 ஒளியாண்டு தொலைவில் இருக்கின்றன. 492 அறுகோணத் துண்டுகள் சேர்ந்த ஆடியும், காற்றின் நடுக்கத்தை உடனுக்குடன் ஈடுசெய்யும் நெளியும் ஆடிகளும் இருந்தால், அங்கே பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளியை ஒத்த நுணுக்கம்கூடப் புலப்படும். அதே மலையில் உள்ள 8.2 மீட்டர் சுபாரு தொலைநோக்கி, ஏபி ஆரிகே விண்மீனருகே உருவாகிவரும் கோள் எனக் கருதப்படும் ஒன்றைக் காட்டியது. அந்த ஆய்வு 2022இல் வெளியானது.

30 மீட்டர் தொலைநோக்கியின் வடிவமைப்பாளர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்லர். உச்சியைத் தவிர்த்து வடக்குச் சரிவில் இடம் பார்த்தார்கள். குவிமாடத்தை இயன்றவரை சிறிதாக்கினார்கள். கழிவுநீரை மலையிலிருந்து கீழே கொண்டுபோக ஏற்பாடு வைத்தார்கள். ஆனால் இவை கண்ணை உறுத்தாமலும் மண்ணைக் கெடுக்காமலும் இருப்பதற்கான வழிகள். மலையை உறவாகக் கொண்டவர்கள் கேட்டது வேறு: எங்களிடம் யார் கேட்டார்கள்?

இந்த எதிர்ப்பை அறிவியலுக்கும் மதத்துக்குமான சண்டையாகச் சுருக்குவது அநியாயம். எதிர்ப்பின் முன்னணியில் நின்ற கியாலோஹா பிஷியோட்டா, அதே மலையில் தொலைநோக்கியை இயக்கும் பணியாளராக வேலை பார்த்தவர். ஆதரித்த சாட் கலேபா பேபயன், விண்மீன்களை வைத்தே கடல் கடக்கும் பழைய கலையைக் கற்றுத் தேர்ந்த மாலுமி. வானத்தை ஆராய்வது முன்னோர் வழியின் தொடர்ச்சி என்று நம்பியவர். இருவரும் ஹவாய்ப் பூர்வகுடியினர்.

எதிர்ப்பாளர்களின் முறையீட்டை முழுதாக விசாரிக்குமுன்பே கட்டுமான அனுமதி வழங்கப்பட்டதால், 2015இல் ஹவாய் உச்ச நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. புதிய அனுமதியை 2018இல் ஏற்றது. 2019 ஜூலையில் மலைப்பாதையை மறித்து உட்கார்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட முதியவர்கள் கைதானார்கள். சட்டப்படி அனுமதி இருந்தது, சம்மதம் இல்லை. உலகங்களின் தொடக்கத்தைத் தேடும் ஆவலில் பக்தியின் சாயல் உண்டு. அந்த ஆவல் உள்ளவர்கள்தான், இன்னொருவர் தம் தொடக்கமாகக் கருதும் இடத்தில் முதலில் அனுமதி கேட்டு நின்றிருக்க வேண்டும். ஆடியின் விட்டத்தைத் தீர்மானிக்கும் முன்பே அதைச் செய்திருக்கலாம்.

2022இல் இயற்றிய சட்டம், மலை நிர்வாகத்துக்குப் புதிய ஆணையம் ஒன்றை அமைத்தது. பூர்வகுடி மரபைக் கடைப்பிடிக்கும் ஒருவருக்கும், அத்தகையோர் வழிவந்த ஒருவருக்கும் அதில் வாக்குரிமை உண்டு. உச்சி நிலத்தின் மீது ஹவாய்ப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் குத்தகை 2033இல் முடிகிறது.