வேலி அறியாத தேனீ

குடியிருப்புகளிடையே தேனீ வளர்த்தல் தகுமா? நியூயோர்க் நகரம் 1999இல் தேனீயைத் தீங்குசெய் விலங்குகளின் வரிசையிற் சேர்த்துத் தடைசெய்தது; 2010இல் அத்தடையை நீக்கிற்று. தேனீப் பெட்டிகளைப் பதிவு செய்தலும் தேனீக்களுக்கு நீர் வைத்தலும் வளர்ப்போர் கடமைகளாயின.

தேனீ வேலி அறியாது. ஊரார் பூக்களிலெல்லாம் தேன் திரட்டும். தேன் வளர்ப்பவனுக்கு, கொடுக்கு அயலவனுக்கு என்பர் சிலர். அயலவன் தோட்டத்துக் காய்கனிகள் பலவும் அத்தேனீயின் மகரந்தச் சேர்க்கையாற் பெருகுவன அன்றோ? எனினும், நன்மையைக் காட்டி அச்சத்தை எள்ளி நகையாடல் அறமன்று. ஒவ்வாமையுடையார் சிலருக்கு ஒருமுறை கொட்டுவதே உயிருக்கு உலையாகலாம்.

"என் காணி, என் விருப்பம்" என்பதும், "என் அச்சம், உனக்குத் தடை" என்பதும் தனியுடைமை மனம் ஈன்ற குழவிகளே. ஊரார் பூவில் விளைந்த தேனுக்கு ஊராருக்குப் பொறுப்புக் கூறுவதே விலை. அவ்விலை செலுத்துவோன் தேனீ வளர்க்கட்டும்.