வங்கி சொன்ன "இல்லை", முருகன் சொன்ன "இல்லை"யா?

 

கார் லோன் கேட்டு, இல்லைன்னு பதில் வந்தா மனசுல ரெண்டு கேள்வி எழும். ஒண்ணு, "முருகனே வேண்டாம்னு சொல்றாரோ?" இன்னொண்ணு, "வேற யார் பேர்லயாவது போட்டு வாங்கிடலாமா?" முதல் கேள்வி பக்தி மாதிரியும், ரெண்டாவது வெறும் நடைமுறை மாதிரியும் தெரியும். ஆனா தர்மம் ரெண்டாவது கேள்வியிலதான் அதிகமா இருக்குன்னு எனக்குத் தோணுது.

திண்டிவனத்துல இருக்குற என் பெரியப்பா மகனுக்கு சமீபத்துல லோன் மறுத்துட்டாங்க. பெரியப்பாவை அடிக்கடி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போகணும். பஸ்ல ஏறி இறங்க அவரால முடியல. அதுக்காகத்தான் கார். விழுப்புரத்துல இருக்குற என்கிட்ட அண்ணன் கேட்டார்: "தம்பி, உன் பேர்ல போட்டுடு. மாசாமாசம் நான் கட்டிடுறேன்."

ஏன் மறுத்தாங்கன்னு பார்க்க அவரோட கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்தோம். வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை இலவசமா வாங்கிக்கலாம். நம்ம ரிப்போர்ட்டை நாமே பார்த்தா ஸ்கோர் குறையாது. மறுத்த கோபத்துல அடுத்தடுத்து நாலு இடத்துல அப்ளை பண்ணினாதான் குறையும். அண்ணன் தன் கடன் எதையும் பாக்கி வைக்கல. சில வருஷம் முன்னாடி ஒரு நண்பருக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கார். நண்பர் தவணையைப் பாதியில நிறுத்திட்டார். அந்த பாக்கி அண்ணன் ரிப்போர்ட்டுலயும் ஏறியிருக்கு.

நல்லது செஞ்சவருக்கு இது நியாயமான்னு கேட்கத் தோணும். ஆனா சிபில் ஸ்கோர் 300-லிருந்து 900 வரை போடும் மார்க், கடன் சம்பந்தப்பட்ட கணக்குக்கு மட்டும்தான். பெத்தவரைப் பார்த்துக்கிறதும் நண்பனுக்குக் கை கொடுக்கிறதும் அதுல வராது. அதனால வங்கியோட "இல்லை" நம்ம குணத்துக்கு வந்த தீர்ப்பு கிடையாது. முருகன் தன் முடிவை வங்கி லெட்டர்ல எழுதி அனுப்புறதும் இல்ல. முக்கிய காரணத்தை எழுத்துல சொல்லணும்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. சாமி குறிப்பைத் தேடுறதுக்கு முன்னாடி அந்தக் காரணத்தைக் கேட்டு வாங்குங்க.

இப்போ ரெண்டாவது கேள்வி. பேர் கொடுக்கிறது உதவிதானே? 1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கினவரின் பொறுப்புக்குச் சமம். நாம சம்பிரதாயம்னு நினைச்சுப் போடுற கையெழுத்துக்குச் சட்டத்துல முழுக் கடனோட எடை. லோனே என் பேர்ல இருந்தா ஆர்.சி.யும் என் பேர்லதான் வரும். விபத்து இழப்பீட்டுல, பதிவேட்டுல யார் பேர் இருக்கோ அவரையே உரிமையாளரா எடுத்துக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2018-ல தீர்ப்பு சொல்லியிருக்கு.

சட்டத்தை விடுங்க, மனசைப் பார்ப்போம். கட்டப்போறது நான்னு வங்கிகிட்ட சொல்லி, கட்டறது வேற ஒருத்தர்னா அது பொய். எல்லாருக்கும் தெரிஞ்சு இணை விண்ணப்பதாரரா சேர்றது வேற விஷயம். அதுலயும், அவர் ஒரு தவணைகூட கட்டலேன்னாலும் முழுசும் நான் கட்டுவேன், அவர்மேல கசப்பு வராதுன்னு உறுதி இருந்தா மட்டும்தான் கையெழுத்து போடணும். எனக்கு அந்த உறுதி இல்ல. அண்ணன் ஏமாத்திடுவார்ங்கற பயம் இல்ல. அவருக்கே ஒரு மாசம் வருமானம் நின்னா, நான் தம்பியா இல்லாம கடன்காரனா அவர் வாசல்ல போய் நிக்கணும்.

"படிச்ச பையன், அண்ணன்கிட்ட இவ்வளவு கணக்கு பார்க்கணுமா?"ன்னு வீட்டுல கேட்டாங்க. நியாயமான கேள்வி. கையெழுத்து மாட்டேன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டா அது தர்மம் இல்ல, தப்பிக்கிறது. அவசரத் தேவை பெரியப்பாவோட பயணம். அதனால இப்போதைக்கு ஆஸ்பத்திரி போற நாளுக்கு வாடகை வண்டி, செலவுல பாதி என்னோடது. திரும்பக் கேட்காத பணம் அது. நண்பரோட பாக்கியை முழுசா அடைச்சு "குளோஸ்டு"னு பதிவாகணும். பேரம் பேசிக் குறைச்சுக் கட்டினா "செட்டில்டு"னு நிக்கும், அடுத்த வங்கிக்கு அது உறுத்தும். அப்புறம் முன்பணம் சேர்த்து, சின்ன கடனா கேட்கலாம்னு பேசி வச்சிருக்கோம்.

மறுத்த வாரத்துலயே "நாங்க தர்றோம்"னு வர்ற போன்ல கவனம் தேவை. 5 லட்சம், 5 வருஷம், 10 சதவீதம். குறையும் அசலுக்கு வட்டின்னா தவணை சுமார் 10,624 ரூபாய். அதே 10 சதவீதம் ஃபிளாட் வட்டின்னா 12,500 ரூபாய், உண்மையான வட்டி 17 சதவீதத்தைத் தாண்டும். அவசரத்துல இருக்குறவங்க காதுல ரெண்டும் "பத்து"ன்னுதான் விழும்.

நம்ம திண்டிவனம் பக்கத்து மயிலம் தலபுராணம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். முருகனுக்கு வாகனமா இருக்கணும்னு சூரபத்மன் வேண்டினதும் உடனே கிடைக்கல. மயில் வடிவ மலையா நின்னு தவம் செஞ்ச பிறகுதான் கிடைச்சது. எதிரியா நின்னு போர் செஞ்சவனையே முருகன் தள்ளி விடல, காத்திருக்க வச்சார். நமக்கு வர்ற "இல்லை"யும் பல நேரம் "இப்போ இல்லை"தான். அந்த இடைவெளியில பொய்ச் சம்பளச் சீட்டும் இன்னொருத்தர் பேரும் தேடுறோமா, பாக்கியை அடைச்சு நேர் வழியில நிக்கிறோமாங்கறதுதான் நம்ம கையில இருக்கு.

லோன் கிடைக்கணும்னு வேண்டுறது தப்பே இல்ல. வாக்குக் கொடுத்தா காப்பாத்துற பலத்தையும், முடியாததை அன்போட முடியாதுன்னு சொல்ற தைரியத்தையும் சேர்த்துக் கேட்போம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!